அறம் பார்த்துக் காப்பி வாங்குவது எப்படி? ஃபில்டர் காப்பி வீடுகளுக்கான வழிகாட்டி

எங்கள் அடுக்ககத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து மாதாமாதம் காப்பித்தூள் வாங்குகிறோம். பழம் பறிப்பவருக்கு முறையான கூலியும் விவசாயிக்கு நியாயமான விலையும் கிடைக்கிற, காட்டை அழிக்காமல் விளைந்த காப்பியாக அது இருக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது, அதைக் கண்டுபிடிப்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் நினைக்கவில்லை. கிடைத்த அறிவுரைகள் பெரும்பாலும் வெளிநாட்டு அங்காடிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் சொல்லப்படும் முத்திரைகள் நம் ஊர்க் கடைகளில் அரிதாகவே கண்ணில் படுகின்றன. இந்தியக் காப்பியின் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. சான்றிதழுக்குச் செலவு செய்பவர்களும் அந்த ஏற்றுமதியை நம்பியே செய்கிறார்கள். ஆகவே இங்கே வாங்குகிறவருக்கு முத்திரையைவிடக் கேள்விதான் அதிகம் பயன்படும். மாதம் கால் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை வாங்கும் வீடுகளுக்காக, நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எந்த அறம் உங்களுக்கு முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விவசாயிக்குக் கிடைக்கும் விலை, தோட்டத் தொழிலாளியின் கூலியும் வசதிகளும், மரநிழலும் நீரும் காடும், பூச்சிக்கொல்லிப் பயன்பாடு என்று இதில் நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இந்த நான்கிற்கும் ஒரே பையில் உறுதி தருகிற முத்திரை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. இயற்கை வேளாண் சான்றிதழ் பெற்ற ஒரு பெரிய எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பு ஒழுகிக்கொண்டிருக்கலாம். ஒரு சான்றிதழும் இல்லாத மலைக்கிராமக் குடும்பம் பலாவுக்கும் ஆரஞ்சுக்கும் இடையே, மருந்து வாங்கக் கையில் காசில்லாததாலேயே மருந்தடிக்காமல் காப்பி வளர்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்தியாவில் காப்பித் தோட்டங்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 98-க்கும் மேற்பட்டவை 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு தோட்டங்கள். சிறு தோட்டத்துக் காப்பி என்றால் விலையைப் பற்றியும், பெரிய எஸ்டேட் காப்பி என்றால் கூலியைப் பற்றியும் முதலில் கேட்பது என்பதே நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். நான்கையும் ஒரே நேரத்தில் துருவப் போனால் எந்தக் காப்பியும் தேறாது. மனம் சலித்துப் பழைய தூளுக்கே திரும்பிவிடுவீர்கள். இரண்டைத் தேர்ந்துகொண்டு தொடங்குங்கள்.

2. இப்போது வீட்டில் இருக்கும் பையைப் படியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், அடுக்களையில் இருக்கும் பையை எடுத்து அதன் பின்புறத்தைப் பாருங்கள். சிக்கரி கலந்த தூள் என்றால், காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அத்தகைய கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருந்தாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆக, பாதிக்குச் சற்றே குறைவாகச் சிக்கரி கலந்த தூளும் சட்டப்படி விற்கத்தக்கதே. பையில் அறம் பற்றி எழுதியிருப்பதெல்லாம் காப்பிப் பங்குக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், 60க்கு 40 கலவைக்கும் முழுக் காப்பிக்கும் விலையை நேரடியாக ஒப்பிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நாங்கள் கொட்டையைத் தனியாகவும் சிக்கரியைத் தனியாகவும் வாங்கத் தொடங்கிய பிறகுதான் கணக்குத் தெளிவானது.

சில்லறையாக அரைத்துத் தரும் கடையில் இந்த அச்சு எதுவும் இருக்காது. வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை நிரப்பி, அதன் மேல் கால் தேக்கரண்டித் தூளைத் தூவிப் பாருங்கள். காப்பித்தூள் சிறிது நேரம் மிதந்துகொண்டிருக்கும். சிக்கரியோ பழுப்பு நிறக் கோடுகளை இழுத்துக்கொண்டு உடனே கீழே இறங்கும். எத்தனை சதவீதம் என்பதை இது காட்டாது, ஆனால் 'சுத்தக் காப்பி' என்று சொல்லி விற்றதில் கலப்பு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

பையில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண், தூளைப் பொட்டலமிட்டவரை அடையாளம் காட்டும், விளைவித்தவரைக் காட்டாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

இந்தக் கட்டத்திலேயே ஏமாற்றுகிற வேறு சில சொற்களும் உண்டு. 'பிளான்டேஷன் ஏ' என்பதை ஒரு நல்ல தோட்டத்துக் காப்பி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நம் தோட்டங்களில் விளையும் காப்பி இனங்கள் அராபிகா, ரொபஸ்டா என இரண்டு. அது பழத்தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில், 6.65 மில்லிமீட்டர்த் துளையுள்ள சல்லடையில் தங்கும் பெரிய கொட்டைகளுக்கு இடப்பட்ட தரக்குறியீடு மட்டுமே. 'பீபெர்ரி' என்பது பழத்துக்குள் இரண்டாக இல்லாமல் ஒற்றையாக உருண்டு திரண்ட கொட்டை. இவை இரண்டும் அளவையும் வடிவத்தையும் சொல்கின்றனவே தவிரக் கூலியையோ காட்டையோ பற்றி எதுவும் சொல்வதில்லை. அதேபோல் கூர்க் அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்கமகளூரு அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா ஆகிய ஐந்துக்கும் 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு, விளைந்த இடத்துக்கும் அதன் இயல்புக்கும் தரப்படும் உறுதி. அந்த அளவில் அது பயனுள்ளதே, அதற்கு மேல் எதையும் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

3. முத்திரை இருந்தால், அது எதற்குப் பொறுப்பேற்கிறது என்று பாருங்கள்

ஃபேர்டிரேடு: இது விலையைப் பற்றிய முத்திரை. 2023 ஆகஸ்ட் முதல், கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு ஒரு பவுண்டு எடைக்குக் குறைந்தபட்சம் 1.80 டாலர் தர வேண்டும் என்பது அதன் விதி. சந்தை விலை அதைவிட உயர்ந்தால் சந்தை விலையைத் தர வேண்டும். அதற்கு மேல் பவுண்டுக்கு 20 சென்ட் கூடுதல் தொகை விவசாயிகளின் அமைப்புக்குச் செல்லும். அதை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்கள் கூடி முடிவெடுப்பார்கள். 2025-இன் தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட காலத்தில் குறைந்தபட்ச விலைக்கு வேலையே இருக்காது, கூடுதல் தொகை மட்டுமே விவசாயிக்கு நன்மை தரும். விலை சரியும் ஆண்டில்தான் இந்த முத்திரையின் அருமை தெரியும். இந்தப் பன்னாட்டு அமைப்பு காப்பியில் சிறு விவசாயிகளின் அமைப்புகளுக்கு மட்டுமே சான்றளிக்கிறது. அமெரிக்காவில் தனியாக இயங்கும் ஃபேர் டிரேடு யுஎஸ்ஏ என்ற மற்றோர் அமைப்போ பெரிய எஸ்டேட்டுகளுக்கும் சான்றளிக்கிறது. இரண்டின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால் சின்னத்தை உற்றுப் பார்ப்பது அவசியம்.

ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ்: பச்சைத் தவளைச் சின்னம். 2018-இல் யுட்ஸ் என்ற அமைப்பும் இதனுடன் இணைந்துவிட்டது. காடழிப்பு, இரசாயனம், குழந்தைத் தொழிலாளர், பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றை இது கவனிக்கிறது. குறைந்தபட்ச விலை எதையும் இது விதிப்பதில்லை. வாங்குபவர் சந்தை விலைக்கு மேல் ஒரு தொகை தர வேண்டும் என்கிறது, ஆனால் காப்பிக்கு அது எவ்வளவு என்று நிர்ணயிக்கவில்லை. எஸ்டேட் காப்பி வாங்குபவருக்கு இது ஓரளவு பயன்படும். சின்னத்தின் கீழே சதவீதம் ஏதேனும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பைக்குள் உள்ளது முழுவதும் சான்று பெற்ற காப்பி இல்லை என்று பொருள்.

இயற்கை வேளாண்மைச் சான்று: இந்தியாவில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மத்திய அரசின் தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டத்தின் கீழ் மூன்றாவது தரப்பு நிறுவனம் தரும் சான்று. காப்பி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, இரசாயனத்தை நிறுத்தியதிலிருந்து சான்று கிடைக்கும் வரையான மாற்றுக்காலமே மூன்று ஆண்டுகள். மற்றொன்று, பிஜிஎஸ் இந்தியா என்ற பங்கேற்பு முறை. அதில் அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் சரிபார்க்கிறார்கள். சான்று பெற்ற பையில் 'ஜைவிக் பாரத்' போன்ற அரசுச் சின்னம் இருக்கும். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் மிகச் சிறு விவசாயிகளுக்கு விதியில் விலக்கு உண்டு என்பதால், மலைக்கிராமத்திலிருந்து நேராக வரும் பையில் சின்னம் இல்லையே என்று உடனே ஒதுக்கிவிட வேண்டாம்.

'பறவை நேயக் காப்பி' என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் சான்று கடுமையானது. இயற்கை வேளாண் சான்று ஏற்கெனவே இருக்க வேண்டும், குறைந்தது 40 சதவீத மரநிழல் வேண்டும், பல இன மரங்கள் வேண்டும். நம் கடைகளில் அது அரிது. கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம்.

நிறுவனங்கள் தாங்களே வரைந்துகொள்ளும் இலைச் சின்னங்களும், 'பொறுப்புடன் பெறப்பட்டது' போன்ற வாசகங்களும் முத்திரைகள் ஆகா. அவற்றுக்குப் பின்னால் வெளியார் தணிக்கை இருக்கிறதா, அந்தத் தணிக்கையாளர் யார் என்று கேளுங்கள். உடனடிக் காப்பித்தூள்களில் இப்படிப்பட்ட வாசகங்கள் மிகுதி.

மரநாய் தின்று கழித்த கொட்டையிலிருந்து வரும் காப்பியைக் குடகிலும் இப்போது விற்கிறார்கள். 'காட்டில் தானாகக் கிடைத்தது' என்று விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க நம்மிடம் வழி எதுவும் இல்லை. இந்தோனேசியாவில் அந்த விலங்கைக் கூண்டில் அடைத்துப் பழத்தையே தீவனமாகக் கொடுத்து வளர்க்கும் கொடுமை பலமுறை வெளிவந்திருக்கிறது. அறத்தைப் பற்றி யோசித்து வாங்குகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

4. விற்பவருக்கு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியின் மையமே இதுதான். முத்திரை இல்லாத நூறு பைகளில் நல்லதைத் தனியே பிரித்தெடுக்க வேறு வழி இல்லை. கடையில் நின்று கேட்டால், வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே கடைக்காரருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புவது நல்லது. பதில் எழுத்தில் இருந்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். நாங்கள் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் (இதில் வரும் பார்ச்மென்ட் என்பது உமி நீக்காத உலர்ந்த கொட்டை, பச்சைக்கொட்டை என்பது உமி நீக்கிய, வறுக்காத கொட்டை):

"வணக்கம். நாங்கள் மாதம் இத்தனை கிலோ கொட்டை வாங்குகிறோம். உங்களிடம் வாங்குவதற்கு முன் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. இந்தக் காப்பி எந்த ஊரில், யாருடைய தோட்டத்தில் அல்லது எந்த விவசாயிகள் குழுவிடம் வாங்கியது? எந்தப் பருவத்து அறுவடை? பழமாக வாங்கினீர்களா, பார்ச்மென்ட்டாகவா, பச்சைக்கொட்டையாகவா? அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு கொடுத்தீர்கள்? அதே விவசாயியிடம் எத்தனை ஆண்டுகளாக வாங்குகிறீர்கள்? எஸ்டேட் காப்பி என்றால், பறிப்பவர்களுக்கு நாட்கூலியா, கிலோக்கணக்கில் கூலியா? பருவத்துக்கு வரும் வெளியூர்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள்?"

பதில்களை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். 'குடகிலிருந்து நேரடியாக' என்பது பதில் ஆகாது, ஏனென்றால் குடகு ஒரு மாவட்டம். ஒரு கடையில் எங்களிடம் 'எல்லாமே எங்கள் சொந்த எஸ்டேட்' என்றார்கள். எஸ்டேட் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டபோது பேச்சு வறுக்கும் பக்குவத்துக்கு மாறிவிட்டது. மாறாக, 'பாதி தாண்டிக்குடிப் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் வாங்கியது, மீதி வியாபாரி மூலம் வருகிறது, அது எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியாது' என்று ஒருவர் எழுதினால் அவரை நம்பத் தொடங்கலாம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வியாபாரி, தெரிந்ததாகச் சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருக்கிறது.

விலைக் கேள்விக்குப் பலர் பதில் சொல்ல மாட்டார்கள். வியாபார ரகசியம் என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. தொகை சொல்ல விருப்பமில்லை என்றால் சந்தை விலைக்கு மேலா, கீழா, அதேதானா என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த கடையைப் பாருங்கள்.

சான்றிதழ் இருப்பதாகச் சொன்னால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். இயற்கை வேளாண் சான்றில் இரண்டு தாள்கள் உண்டு. தோட்டத்துக்கோ நிறுவனத்துக்கோ தரப்படும் தகுதிச் சான்று ஓராண்டுக்கு மட்டுமே செல்லும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட சரக்கு கைமாறும்போது அந்த எடைக்கென்று தரப்படும் பரிவர்த்தனைச் சான்று மற்றொன்று. முதல் தாளை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இடங்கள் உண்டு. அந்தச் சான்று யாருக்கு வழங்கப்பட்டது, எந்தத் தேதி வரை செல்லும், அதில் காப்பி என்ற பயிர் இருக்கிறதா என்ற மூன்றையும் படித்துப் பாருங்கள். மிளகுக்கு வாங்கிய சான்றின் நிழலில் காப்பியும் விற்கப்படலாம்.

5. விலைக் கணக்கை நீங்களே போடுங்கள்

கணக்குத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். இந்தியக் காப்பி வாரியம் தன் இணையதளத்தில் கச்சாக் காப்பியின் விலையை 50 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று வெளியிட்டு வருகிறது. அராபிகா பார்ச்மென்ட், அராபிகா செர்ரி, ரொபஸ்டா பார்ச்மென்ட், ரொபஸ்டா செர்ரி என்று நான்கு வகைகள் இருக்கும். பார்ச்மென்ட் என்பது பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்தியது. மெல்லிய உமி மட்டும் கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும். செர்ரி என்பது பழத்தை முழுதாகக் களத்தில் காயவைத்தது. 50 கிலோ அராபிகா பார்ச்மென்ட்டைக் குத்தினால் ஏறக்குறைய 40 கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும். 50 கிலோ செர்ரியில் ஏறத்தாழப் பாதிதான் தேறும். இந்த வித்தியாசம் தெரியாமல் செர்ரி விலையைக் கொட்டை விலையோடு ஒப்பிட்டு, விவசாயிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றோ கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது.

கணக்குக்காக, அராபிகா பார்ச்மென்ட் மூட்டை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ பச்சைக்கொட்டை தேறினால் கிலோ 625 ரூபாய் ஆகிறது. வறுக்கும்போது எடை குறைவதால், ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு ஏறக்குறைய 1.2 கிலோ பச்சைக்கொட்டை வேண்டும். ஆகவே கொட்டைக்கு மட்டும் 750 ரூபாய். உமி நீக்கும் கூலி, வண்டி வாடகை, வறுப்பு, பை, கடை வாடகை, வரி எல்லாம் இதற்கு மேல். அப்படியிருக்க, அதே நாளில் 'நூறு சதவீத அராபிகா' என்று ஒருவர் கிலோ 700 ரூபாய்க்கு விற்றால், ஒன்று அது பழைய சரக்காக இருக்க வேண்டும், அல்லது அதில் வேறு ஏதோ கலந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒருவர் சந்தை விலைக்கும் கீழே விற்றிருக்க வேண்டும். மலிவான காப்பி எல்லாம் தவறான காப்பி என்று நான் சொல்ல வரவில்லை. ரொபஸ்டா செர்ரி மூட்டை 10,000 ரூபாய் என்று வைத்து, 26 கிலோ தேறுவதாகக் கொண்டு இதே கணக்கைப் போட்டால், வறுத்த கொட்டை கிலோவுக்கு 460 ரூபாய் அளவில் வந்து நிற்கும். நல்ல ரொபஸ்டாவை விரும்பிக் குடிப்பவருக்கு அறமான காப்பி எட்டாத விலையில் இல்லை.

கூலிக் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. ஆறு கிலோ பழத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ பச்சைக்கொட்டை வரும். ஒரு கிலோ வறுத்த காப்பிக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல் பழம் பறிக்க வேண்டும். பறிப்புக்கூலியைக் கிலோ பழத்துக்கு இரண்டு ரூபாய் உயர்த்தினால், ஒரு கிலோ காப்பியின் விலையில் 14 அல்லது 15 ரூபாய் ஏறும். ஒரு தம்ளர் காப்பிக்குப் பத்து கிராம் தூள் என்று கொண்டால், தம்ளருக்கு 15 பைசா. கூலியை உயர்த்தினால் காப்பி யாரும் வாங்க முடியாத பொருளாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

இதே கணக்கு நமக்கும் பொருந்தும். இப்போது வாங்குவதைவிடக் கிலோவுக்கு 500 ரூபாய் கூடுதலாக உள்ள காப்பிக்கு மாறினால், தம்ளருக்கு ஐந்து ரூபாய்தான் ஏறும். வீட்டில் நாளொன்றுக்கு ஆறு தம்ளர் என்றால் மாதம் 900 ரூபாய். இந்தத் தொகை எல்லோருக்கும் சிறியது அன்று. ஆகவே மாறுவதற்கு முன் வீட்டில் கலந்து பேசிக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி மாறுவதும் ஒரு வழிதான்.

6. எந்த மாதத்தில் வாங்குவது, எந்த மாதத்தில் கேட்பது

தென்னிந்திய மலைகளில் அராபிகாப் பழம் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரையிலும், ரொபஸ்டா டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலும் பறிக்கப்படுகிறது. இடத்துக்கு இடம் சற்று முன்பின் இருக்கும். களத்தில் காய்ந்து, உமி நீங்கி, தரம் பிரிந்து கடைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். எனவே மார்ச்சிலிருந்து மே வரையான காலத்தில்தான் புதுப்பருவத்துக் கொட்டை பரவலாகக் கிடைக்கும். நவம்பரில் 'இந்த ஆண்டுப் புதுவரவு' என்று பலகை வைத்திருந்தால் எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

கேள்விகளை அனுப்ப ஏற்ற காலம் ஏப்ரல் மாதம். கொள்முதல் முடிந்து, யாரிடம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது கடைக்காரரின் நினைவில் பசுமையாக இருக்கும். பறிப்புக் காலத்தில் தோட்டக்காரருக்கு எழுதினால் பதில் வர வெகுநாள் ஆகும். அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. எங்கே தேடுவது

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பகுதிகளில் மிளகோடும் வாழையோடும் ஊடுபயிராகக் காப்பி வளர்க்கும் சிறு விவசாயிகள் மிகுதி. அங்கிருந்து இறங்கினால் பட்டிவீரன்பட்டியில் காப்பி வணிகம் நெடுங்காலமாக நடக்கிறது. கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் பழங்குடிக் குடும்பங்கள் காப்பி வளர்க்கின்றன. ஏற்காட்டிலும் வால்பாறையிலும் பெரிய எஸ்டேட்டுகள் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் ரொபஸ்டா.

பெயர் சொல்லித் தேட விரும்புகிறவர்களுக்குச் சில தொடக்கப் புள்ளிகள்: கோத்தகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் சோலிகர் பழங்குடி விவசாயிகளுடன் வேலை செய்யும் பெங்களூருவின் பிளாக் பாஸா காஃபி, ஃபேர்டிரேடு முறையில் இயங்கும் கேரளத்தின் ஃபேர் டிரேட் அலையன்ஸ் கேரளா, ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவும் அரசின் கிரிஜன் கூட்டுறவுக் கழகமும். இவர்களில் யாரோடும் எனக்குத் தொடர்பு இல்லை. நான்காம் பகுதியில் உள்ள கேள்விகளை இவர்களிடமும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பக்கத்துத் தெருவில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையை எடுத்த எடுப்பில் விட்டுவிட வேண்டாம். பத்து வாடிக்கையாளர்கள் ஒரே கேள்வியைக் கேட்டால், அந்தக் கடைக்காரரும் தன் வியாபாரியிடம் அதைக் கேட்பார்.

8. தோட்டத்துக்கே போக நேர்ந்தால்

முன்கூட்டியே அனுமதி கேட்டு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள். தொழிலாளர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கூலியைப் பற்றி அவர்களிடம் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். கண்ணால் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். மாலையில் சாக்குகளை எடை போடும் இடத்தில் நின்று, பறித்தவருக்குத் தராசின் முள் தெரிகிறதா, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள், எழுதிய எடையை அவரிடம் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். பழம் கழுவிய நீர் குழியில் தேங்குகிறதா, ஓடையில் கலக்கிறதா என்பதைப் பாருங்கள். கலந்தால் புளித்த வாடை தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். மேலே நிழல் தரும் மரங்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும் சில்வர் ஓக் மட்டும்தானா, பலா, அத்தி, முள்முருங்கை என்று கலந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். மருந்தடிப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்திருக்கிறாரா என்பதும் முக்கியம்.

எஸ்டேட் அளவில் பெரிதாக இருந்தால், தொழிலாளர் குடியிருப்புகளான லயன் வீடுகளையும் கழிப்பறையையும் பாருங்கள். தோட்டத் தொழிலாளருக்குக் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவை முதலாளியின் கருணையால் வருபவை அல்ல. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே அவை சட்டக் கடமைகள். நான்கைந்து பேர் வேலை செய்யும் சிறு தோட்டத்தில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. அங்கே குடிநீரும் நேர்மையான எடையும் உடனடிக் கூலியும் இருந்தால் போதும்.

9. சேர்ந்து வாங்குங்கள், தாள்களைச் சேர்த்து வையுங்கள்

தனி வீட்டுக்கு அரை கிலோ அனுப்பினால் அஞ்சல் செலவே காப்பியின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஐந்து கிலோவாக வாங்கினால் கிலோவுக்கான அனுப்புச் செலவு வெகுவாகக் குறைகிறது. விற்பவரும் கேள்விகளுக்கு அக்கறையோடு பதில் எழுதுகிறார். முதல் முறை கால் கிலோ மட்டும் மாதிரிக்கு வாங்கி, எல்லா வீடுகளிலும் ஃபில்டரில் போட்டுக் குடித்துப் பாருங்கள். சிக்கரிக்குப் பழகிய நாக்குக்குச் சுத்தக் காப்பியின் டிகாக்ஷன் முதலில் நீர்த்ததுபோல் தெரியும். தூளின் அளவைக் கூட்டியும் இன்னும் நைசாக அரைத்தும் பார்த்த பிறகே பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

வறுத்த தேதி பையில் இருக்க வேண்டும். கொட்டையாக வாங்கினால் வறுத்த நாளிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை நன்றாக இருக்கும். தூள் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் மணம் நிற்காது. எனவே விலை குறைகிறதே என்று ஆறு மாதத்துக்கான தூளை ஒரேயடியாக வாங்கிவிடாதீர்கள்.

ஒரு கோப்பில் ரசீது, பையின் படம், விற்பவர் எழுதிய பதில், சான்றிதழ் நகல், அன்றைய காப்பி வாரிய விலை ஆகியவற்றைத் தேதியிட்டு வையுங்கள். அடுத்த ஏப்ரலில் அதே கேள்விகளை மறுபடியும் அனுப்பி, பழைய பதிலோடு ஒப்பிடுங்கள். ஊர்ப்பெயர் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சான்று காலாவதியாகியிருந்தால் புதுப்பித்த நகலைக் கேளுங்கள். பதில் வர இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள்; அதற்கும் மௌனம் என்றால், கையில் இருக்கும் தூள் தீர்வதற்குள் அடுத்தவருக்கு எழுதத் தொடங்கிவிடுங்கள்.